எண் சண்டை

என் மனைவி விழுந்த ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேசையில் ஓர் ஆட்டம் பாதியில் நின்றிருந்தது. முகம் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று குளியலறைக்குப் போனவள் திரும்பி வரவில்லை. எதிரில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்த அவளுடைய தோழி, உங்கள் முறை என்று கன்னடத்தில் "மேடம், நிம்ம டர்ன்" எனக் கூப்பிட்டுப் பார்த்தார். குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த நான் எழுந்து போய்க் கதவைத் தள்ளினேன். சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. கண்கள் என்னையே பார்த்தன. ஏதோ சொல்ல வந்தாள். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, சொல்லாக வரவில்லை.

தோழியின் காரில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். பின்சீட்டில் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அவளுக்குச் சொன்னேனா, எனக்கே சொல்லிக்கொண்டேனா என்று இப்போது தெரியவில்லை.

நாங்கள் இரண்டு பேரும் மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர்கள். என் அப்பா ரயில்வே வேலைக்காக இங்கே வந்தவர். அவள் அப்பாவும் அப்படித்தான். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம். அவள் ஒரு கல்லூரியில் கணக்கு லெக்சரர். நான் ஓர் இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்த்து ரிடையர் ஆனவன். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. விஜயநகரில் கட்டிய வீட்டில் இரண்டு பேர்தான். அவள் பேசுவாள், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். எங்கள் கல்யாண வாழ்க்கை மொத்தமும் அதுதான் என்று சொன்னால்கூடத் தப்பில்லை.

அந்த ஆட்டம் அவள் கண்டெடுத்தது. எண்களின் சரித்திரம் பற்றி வகுப்பில் ஏதோ சொல்வதற்காக நெட்டில் தேடிக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்டதாம். ரித்மோமாக்கியா என்று பெயர். என் வாயில் நுழையாததால் நான் 'எண் சண்டை' என்றேன். வீட்டில் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. பல நூறு வருஷங்களுக்கு முன்னால் ஐரோப்பாவில் மடங்களில் இருந்த துறவிகள் ஆடியது என்பாள். கணக்குப் படிக்கிறவர்களுக்குப் பெருக்கலும் விகிதமும் மனதில் ஊறவேண்டும் என்றே உண்டாக்கின ஆட்டம். பின்னால் ஊரெல்லாம் செஸ் பக்கம் போய்விட்டது. இதை எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

இரண்டு செஸ் பலகையை நீளவாக்கில் ஒட்டின மாதிரி இருக்கும் பலகை. ஒரு படைக்கு மூலம் இரட்டை எண்கள், இன்னொரு படைக்கு ஒற்றை எண்கள். வட்டம், முக்கோணம், சதுரம் என்று காய்கள், ஒவ்வொன்றின் மேலும் ஓர் எண். ஒவ்வொரு படைக்கும் ராஜா மாதிரி ஒரு கோபுரம் உண்டு. காய்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது. ஓர் எதிரிக் காயை எடுக்க வேண்டுமென்றால் கணக்கு ஒத்துவர வேண்டும். என் நாலும் எட்டும் உன் பன்னிரண்டின் பக்கத்தில் போய் நின்றால் பன்னிரண்டு எனக்கு. என் நாலிலிருந்து ஒன்பது கட்டம் தள்ளி நேர்கோட்டில் உன் முப்பத்தாறு இருந்தால், நாலொன்பது முப்பத்தாறு என்று அதுவும் எனக்கு. கணக்கே வேண்டாத வழி ஒன்றும் இருந்தது. எதிரிக் காய் எந்தப் பக்கமும் நகர முடியாதபடி சுற்றி வளைத்துவிட்டால் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு முற்றுகை என்று பெயர் வைத்திருந்தாள். "அது சோம்பேறிங்க வழி" என்பாள். அவளும் தோழியும் அதைத் தொடமாட்டார்கள்.

பலகையை ஒரு பிளெக்ஸ் கடையில் அச்சடித்து வாங்கினாள். காய்களை ஹார்ட்போர்டில் வெட்டி, ஒரு பக்கம் வெள்ளையும் மறுபக்கம் கறுப்பும் அடித்து, இரண்டு பக்கமும் எண்ணை எழுதினாள். இந்த ஆட்டத்தில் வெட்டுப்பட்ட காயை வெளியே எடுத்து வைப்பதில்லை. திருப்பிப் போட்டால் நிறம் மாறி வெட்டினவர் படையில் சேர்ந்துவிடும். அதே கல்லூரியில் வேலை பார்த்த தோழி ஞாயிற்றுக்கிழமை காலையில் வருவார். மத்தியானச் சாப்பாடு வரை ஆடுவார்கள். கன்னடத்திலும் தமிழிலும் இங்கிலீஷிலும் சண்டை போடுவார்கள். நான் காப்பி போட்டுக் கொடுப்பேன்.

பக்கவாதம், மூளையின் இடது பக்கம் அடிபட்டிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். வலது கையும் காலும் கொஞ்சம் கொஞ்சமாக வரும், பேச்சைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றார். வீட்டுக்கு வந்தபோது அவளிடம் ஒரே ஒரு சொல் மிச்சமிருந்தது. அதுவும் கன்னடச் சொல். 'இரலி.' இருக்கட்டும், பரவாயில்லை என்று அர்த்தம். கடைக்காரர் சில்லறை இல்லை என்றால் சொல்கிற சொல். மாணவன் மன்னிப்புக் கேட்டால் சொல்கிற சொல். ஏன் அது மட்டும் தங்கியது என்று யாருக்கும் தெரியவில்லை. மூளையில் எங்கேயோ தனியாக ஒட்டிக்கொண்டிருந்தது போல.

"பசிக்குதா?"

"இரலி."

"தலை வலிக்குதா? மாத்திரை குடுக்கட்டுமா?"

"இரலி."

"நான் யாருன்னு தெரியுதா?"

"இரலி, இரலி."

அவள் வேறெதையோ சொல்ல நினைக்கிறாள், வாயைத் திறந்தால் அது மட்டும் வருகிறது என்று டாக்டர் எனக்கு விளக்கியிருந்தார். இருந்தாலும் காதில் விழும்போது அது பதிலாகத்தான் விழுந்தது. தன் வாயிலிருந்து என்ன வருகிறது என்று அவளுக்கும் கேட்டது. கேட்டவுடன் முகம் சுருங்கும். மறுபடி முயற்சி செய்வாள். மறுபடி அதே சொல். இடது கையால் தன் வாயிலேயே அடித்துக்கொள்வாள். நான் கையைப் பிடித்துக்கொள்வேன். அவளுக்கு வலது பக்கம் வராதே தவிர, இடது கையில் அப்படி ஒரு பலம்.

தலையாட்டலையும் நம்ப முடியவில்லை. எதைக் கேட்டாலும் ஆட்டினாள். காப்பி வேண்டுமா என்றால் ஆட்டுவாள், கொண்டுவந்தால் தள்ளிவிடுவாள். வேண்டாமா என்றாலும் ஆட்டுவாள். சொந்தக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, "நல்லாப் புரிஞ்சுக்கறாங்களே" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. உள்ளே அவள் முழுசாக இருக்கிறாளா, பாதி இருக்கிறாளா என்று தெரியாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். சில நாட்களுக்குப் பிறகு அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்க ஆரம்பித்தாள். சாப்பாடு குறைந்தது. ஸ்பூனை வாயருகில் கொண்டு போனால் உதடு திறக்காது.

பேச்சுப் பயிற்சிக்கு வாரத்தில் சில நாள் கூட்டிப் போவேன். அங்கே பயிற்சி கொடுத்த பெண், கர்நாடக எல்லையில் தமிழர்கள் நிறைய இருக்கிற மார்டள்ளி என்ற ஊர்க்காரர். ஹனூர்ப் பக்கத்துத் தமிழ் பேசினார். என் மனைவிக்கு எந்த மொழி கொஞ்சமாவது திரும்பும் என்று தெரியாததால், தமிழ், கன்னடம் இரண்டும் தெரிந்த அவரிடம் விட்டிருந்தார்கள். பூனை, சாவி, குடை என்று படம் போட்ட அட்டைகளைக் காட்டுவார். என் மனைவி அட்டையைப் பார்ப்பாள், அந்தப் பெண்ணைப் பார்ப்பாள், "இரலி" என்பாள். இத்தனை வருஷம் வகுப்பெடுத்தவள் பூனைப் படத்துக்கு முன்னால் அழுதாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஒரு நாள் அந்தப் பெண் கேட்டார். "ஐயா, அம்மாவுக்கு முன்னெல்லாம் எதுங்க ரொம்பப் புடிக்கும்? படத்தக் காட்டிக் காட்டி அவிங்களுக்கு வெறுத்துப் போச்சுங்க."

"கணக்கு" என்றேன். அந்த ஆட்டத்தைப் பற்றியும் சொன்னேன்.

அவர் அட்டைகளை அடுக்கி ஓரமாக வைத்தார். "பேச்சு போனாலும் சில பேருக்கு எண்ணு மட்டும் நிக்குமுங்க. எல்லாத்துக்கும் இல்லீங்க. சில பேருக்கு. ஊட்டுல அத ஒருக்கா வெச்சுப் பாருங்க."

அன்று வீட்டுக்கு வந்தபோது எனக்குக் கால் தரையில் படவில்லை. எண்கள் மட்டும் இருந்துவிட்டால் போதும், அதைப் பிடித்துக்கொண்டே அவளை வெளியே இழுத்துவிடலாம் என்று நினைத்தேன். தோழிக்குப் போன் பண்ணினேன். ஆஸ்பத்திரிக்குப் பிறகு ஒரே ஒரு முறை வந்தவர், அதற்கப்புறம் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. நேரில் குவெம்புநகரில் இருந்த அவர் வீட்டுக்கே போனேன். கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் ஏன் வரலன்னு உங்களுக்குக் கோவம் இருக்கும் ஸார். நோடக்காகல்ல. அவங்கள அப்படி என்னால பாக்க ஆகல."

"கோவமில்லீங்க. ஒரே ஒரு தடவை வந்து ஆடுங்க. நம்பர் ஞாபகம் இருக்கலாம்னு சொல்றாங்க. எனக்கு ஆடத் தெரியாதே."

அவர் வந்தார். அன்று பாதியில் நின்ற ஆட்டத்தை, முன்பு ஒரு முறை வந்தபோது பலகையை மடித்து வைப்பதற்கு முன் போனில் போட்டோ எடுத்து வைத்திருந்தார். அதைப் பார்த்து ஒவ்வொரு காயையும் அதே இடத்தில் அடுக்கினார். நான் என் மனைவியைத் தாங்கிக் கூட்டிவந்து மேசைக்கு முன்னால் உட்கார வைத்தேன். பலகையைப் பார்த்ததும் அவள் நிமிர்ந்தாள். அத்தனை வாரங்களில் அவள் முதுகு நேராக நிமிர்ந்ததை அன்றுதான் பார்த்தேன். இடது கை மெல்ல ஒரு காயின் மேல் போய் நின்றது.

தோழி வேண்டுமென்றே சுலபமாக ஒரு வழி விட்டார். அவருடைய பன்னிரண்டைக் கொண்டுவந்து, என் மனைவியின் எட்டின் பக்கத்தில் வைத்தார். நாலை ஒரு கட்டம் நகர்த்தினால் போதும். எனக்கே தெரிந்தது. என் மனைவி பலகையை வெகுநேரம் பார்த்தாள். நாலைத் தொட்டாள். விட்டுவிட்டாள். சம்பந்தமில்லாத ஒரு முக்கோணத்தை எடுத்து எங்கேயோ வைத்தாள். தோழி மறுபடி ஒரு வழி விட்டார். அதையும் அவள் பார்க்கவில்லை. அப்புறம் தோழி தன் விரலை நாலின் மேல் வைத்து, எட்டின் மேல் வைத்து, பன்னிரண்டின் மேல் வைத்துக் காட்டினார். என் மனைவி அவர் விரலைத்தான் பார்த்தாள். "இரலி" என்றாள்.

காப்பி போடுகிற சாக்கில் சமையலறைக்கு வந்த தோழி, மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நம்பர் இல்ல ஸார். நாலுக்கும் எட்டுக்கும் வித்தியாசம் தெரியல. இருக்குற மாதிரி தெரிஞ்சா சொல்லமாட்டேனா?"

"கொஞ்ச நாள் பழகினா…"

"தெரியல ஸார். எனக்குத் தெரியல."

காப்பியைக் குடிக்காமலேயே போய்விட்டார். நான் திரும்பி வந்தபோது என் மனைவி வாசல் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாங்கள் பேசியது அவள் காதில் விழுந்ததா, விழுந்தது புரிந்ததா, அதுகூடத் தெரியாது.

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் என் வாழ்க்கையிலேயே மோசமானவை. ஒரு மத்தியானம் பயிற்சி முடிந்து ரிங் ரோட்டில் காரை ஓட்டிக்கொண்டு வந்தேன். அவள் பக்கத்து சீட்டில் பெல்ட் போட்டு, தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எதிரே ஜல்லி ஏற்றிய லாரி ஒன்று வந்தது. ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்பினால் இரண்டு பேருக்கும் முடிந்துவிடும் என்று தோன்றியது. பயமில்லாமல் தோன்றியது, கடைக்குப் போய்ப் பால் வாங்கவேண்டும் என்று தோன்றுகிற மாதிரி. அந்தப் பயமில்லாததுதான் என்னை உலுக்கியது. வண்டியை ஓரங்கட்டினேன். இறங்கி நின்றேன். பக்கத்தில் இளநீர்க் கடை இருந்தது. ஒன்று வாங்கி, ஸ்ட்ராவை அவள் வாயில் வைத்துப் பிடித்தேன். அன்று அதிசயமாகக் குடித்தாள். நான் அங்கேயே நின்று அழுதேன். கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் எனக்கும் ஒன்று வெட்டிக் கொடுத்தார்.

பலகை மேசையிலேயே கிடந்தது. எடுத்து வைக்கவும் மனசு வரவில்லை. வேறு என்ன செய்வது என்று தெரியாமல்தான் நான் ஆட ஆரம்பித்தேன். போனில் விதிகளைத் தேடிப் படித்தேன். பாதி புரிந்தது. காலையில் குளிப்பாட்டி, தலை வாரி, மேசைக்கு முன்னால் அவளை உட்கார வைத்து எதிரில் உட்காருவேன். நான் ஒரு காயை நகர்த்துவேன். அவள் ஒன்றை நகர்த்துவாள். எண்ணைப் பார்த்து நகர்த்துகிற மாதிரி இல்லை. குழந்தை பொம்மையை இழுக்கிற மாதிரி இருந்தது. இருந்தாலும் அந்த நேரத்தில் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

ஒரு நாள் என் முறை வந்தபோது கோபுரத்தை நகர்த்தப் பார்த்தேன். நகரவில்லை. முன்னால் அவளுடைய சதுரம், பின்னால் ஒரு முக்கோணம், இரண்டு பக்கமும் வட்டங்கள். எப்போது வந்து நின்றன என்று நான் கவனிக்கவேயில்லை. நிமிர்ந்து பார்த்தேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கையை நீட்டி, என் கோபுரத்தின் தட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பித் தன் நிறத்துக்கு மாற்றி அடுக்கினாள்.

முதலில் தற்செயல் என்றுதான் நினைத்தேன். மறுநாளும் அதே மாதிரி நடந்தது. அதற்கடுத்த நாள் உற்றுக் கவனித்தேன். எண்களை அவள் பார்க்கவே இல்லை. காய்கள் நிற்கிற இடத்தைப் பார்த்தாள். என் காய் எந்தப் பக்கம் தப்பிக்கும் என்று பார்த்து, முதலில் அந்த வழியை அடைத்தாள். அவள் வாழ்நாள் முழுக்கச் சேர்த்து வைத்த எண்கள் போய்விட்டன. அது நிச்சயமாயிற்று, இனி அதில் சந்தேகமில்லை. ஆனால் எண்கள் போன இடத்தில் யாரோ ஒருத்தி உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தாள்.

பயிற்சி கொடுக்கிற பெண்ணிடம் போய்ச் சொன்னேன். அவரும் அவசரப்பட்டுச் சந்தோஷப்படவில்லை. "சரிங்க. நீங்க வேணும்னே தப்பா ஆடிப் பாருங்க. என்ன பண்றாங்கன்னு வந்து சொல்லுங்க."

ஒரு கட்டம் மட்டுமே போக வேண்டிய வட்டத்தை ஐந்து கட்டம் தள்ளி வைத்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். காயைப் பிடுங்கிப் பழைய இடத்தில் வைத்தாள். முகத்தில் கோபம். வகுப்பில் காப்பியடிக்கிறவனைப் பார்க்கிற கோபம். அவள் விழுந்த நாளிலிருந்து எனக்கு அவ்வளவு சந்தோஷம் தந்த முகம் வேறில்லை.

அந்தப் பெண்தான் வழி சொன்னார். "காயில வெள்ளப்பக்கம், கறுப்புப்பக்கம் இருக்குன்னீங்கல்ல. வெள்ளைன்னா ஆமா, கறுப்புன்னா இல்ல. தலையாட்டறத விட்ருங்க. காயத் திருப்பச் சொல்லிக் கேப்போம்." எண்ணில்லாத ஒரு காயைத் தனியாக வெட்டிக்கொண்டு போனேன். தெரிந்த விஷயங்களையே திரும்பத் திரும்பக் கேட்டார். ஐயாவுக்கு மீசை இருக்கா? இது கோயிலா? பல வாரம் பிடித்தது. எத்தனையோ நாள் தப்பாகவே திருப்பினாள். எத்தனையோ நாள் காயைத் தூக்கி எறிந்தாள். நாற்காலிக்கு அடியில் தேடி எடுத்து மறுபடி வைப்போம். ஒரு கட்டத்தில் பதில்கள் சரியாக வர ஆரம்பித்தன. "இப்பத்தான் நம்பலாமுங்க" என்று அந்தப் பெண் சொன்ன அன்றைக்கு, வீட்டுக்கு வந்து முதலில் கேட்ட கேள்வி ராகிக் கஞ்சி பற்றியது. பலத்துக்கு நல்லது என்று யாரோ சொன்னதால் மாசக்கணக்காகக் காலையில் அதைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"கஞ்சி புடிச்சிருக்கா?"

பட்டென்று கறுப்பு.

"எப்பவுமே புடிக்கலையா?"

வெள்ளை. காயை மேசையில் ஒரு தட்டுத் தட்டியே வைத்தாள்.

நான் சிரித்துவிட்டேன். அவளுக்கும் வாயின் ஒரு பக்கம் மட்டும் மேலே போயிற்று. தோசையா? வெள்ளை. சட்னியா? வெள்ளை. அன்று ஒன்றரை தோசை சாப்பிட்டாள். அதற்கப்புறமும் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஃபேன் வேகம் சரியா? இந்தப் புடவை கட்டினது சரியா? முதுகு வலிக்குதா? டி.வி. வேணுமா? பாதிக்கு மேல் கறுப்புதான். நான் செய்துகொண்டிருந்ததில் பாதிக்கு மேல் அவளுக்குப் பிடிக்காததையே செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

அந்த வாரக் கடைசியில், மறுபடி ஸ்பூனுக்கு வாயைத் திறக்காமல் இருந்த ஒரு மத்தியானம், கேட்கக்கூடாது என்று ஒதுக்கி வைத்திருந்ததைக் கேட்டேன். வழி வந்தபிறகு கேட்காமல் இருக்க முடியவில்லை.

"செத்துப் போயிடணும்னு தோணுதா?"

உடனே திருப்பவில்லை. என்னைப் பார்த்தாள். என்மேல் இரக்கப்படுகிறாள் என்று தோன்றியது. அப்புறம் காயை எடுத்து, வெள்ளைப்பக்கம் தெரிய வைத்து, என் பக்கம் நகர்த்தினாள்.

லாரி ஞாபகம் வந்தது. "எனக்கும் ஒரு நாள் தோணுச்சு" என்றேன். அவள் கை என் கைமேல் வந்தது. "இரலி" என்றாள். அதை எதற்காகச் சொன்னாள் என்று காயை வைத்துக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

மறுநாளே டாக்டரிடம் போய் இரண்டு பேர் விஷயத்தையும் சொன்னேன். இந்த மாதிரி மூளை அடிபட்டவர்களுக்கு மனச்சோர்வு வருவது சகஜம், அதற்கு மருந்து உண்டு, ஆனால் வேலை செய்ய நாளாகும் என்றார். எனக்கும் பேச ஓர் ஆளை ஏற்பாடு பண்ணினார். வீட்டில் மாத்திரைகளைப் பூட்டி வைக்கச் சொன்னார். "அந்தக் கேள்விய மறைக்காம அவங்ககிட்ட அப்பப்ப கேட்டுட்டே இருங்க. கேட்டா எண்ணம் வளராது. கேக்காம விட்டாத்தான் பயம்" என்றார். அப்படியே கேட்கிறேன். சில நாள் கறுப்பு. சில நாள் வெள்ளை. வெள்ளை வருகிற அன்று அவரைக் கூப்பிட்டுச் சொல்வேன். வெளியே எங்கும் போகமாட்டேன், அவள் பக்கத்திலேயே இருப்பேன்.

தோழிக்கு நடந்ததையெல்லாம் ஒரு நீளமான வாய்ஸ் மெசேஜில் சொல்லி அனுப்பினேன். நம்பர் இல்லை, நீங்கள் சொன்னது சரிதான், ஆனால் முற்றுகை போடுகிறாள், என்னால் ஜெயிக்க முடியவில்லை என்றேன். வெகுநாள் பதில் இல்லை. நானும் விட்டுவிட்டேன். போன வாரம் ஒரு மாலையில், மல்லிகையும் மைசூர்பாகும் வாங்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

என் மனைவி அவரைப் பார்த்தாள். திரும்பிக்கொள்ளவில்லை. தோழி எதிரில் உட்கார்ந்து காய்களை அடுக்கினார். நிதானமாக ஆடினார்கள். தோழி கணக்குப் போட்டு எடுக்கிற இடங்களை விட்டுவிட்டு முற்றுகைக்கே முயற்சி செய்தார். அவருக்கு அது பழக்கமில்லை. அவருடைய சதுரம் ஒன்று நடுவில் மாட்டிக்கொண்டது. என் மனைவி அதைத் திருப்பிப் போட்டபோது தோழி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மேடம், என் மேல கோவமா?"

நான் எண்ணில்லாத காயை என் மனைவியின் முன்னால் வைத்து அது எதற்கென்று தோழிக்குச் சொன்னேன். என் மனைவி கறுப்பைக் காட்டினாள். தோழி மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரிக்கப் போகிற நேரத்தில், அதை மறுபடி எடுத்து நிதானமாக வெள்ளைக்குத் திருப்பினாள்.

"இருக்கட்டும், இருக்கட்டும். கோவப்படுங்க" என்றார் தோழி. "வாரா வாரம் வந்து வாங்கிக்கறேன்."

அவர் போன பிறகு இட்லியைத் தட்டில் பிட்டு வைத்தேன். அவள் முகம் தெளிவாக இருந்தது. இன்று கறுப்புதான் வரும் என்ற தைரியத்தில் டாக்டர் சொன்ன கேள்வியைக் கேட்டேன்.

வெள்ளை.

போனை எடுத்து டாக்டருக்குத் தகவல் சொன்னேன். திரும்பி வந்து பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவள் இடது கையால் ஒரு துண்டு இட்லியை எடுத்து, சட்னியில் தோய்த்து, புடவையில் சிந்தாமல் வாய்வரை கொண்டு போவதில் முழுக் கவனமாக இருந்தாள்.